கல்பையனுக்கு மேற்கே ஒரு சொட்டு மருந்து

ஜோர்டான் வேலி, ஒரிகன் மாநிலம்.
வேர்னா டாலிவர் அம்மாளின் கிழக்கு மேய்ச்சல் நிலம், கிடை வண்டியின் படிக்கட்டு.

அன்பு மகள் மிரெனுக்கு,

உன் பெரியப்பா பிளாஸ் எலோர்டி வாயால் சொல்லி, வேர்னா அம்மாள் கையால் எழுதும் கடிதம். இங்கே நானும் உன் அப்பா எலாதியோவும் நாய் பெல்ச்சாவும் கடவுள் புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே நெவாடாவில் நீயும் உன் புருஷன் டாரலும் பிள்ளைகளும் உடம்பு சுகத்தோடும், முக்கியமாகக் கோபம் தணிந்தும் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஆனால் என் மண்டையில் ஏறியது எதுவும் இறங்காது என்பதும் உனக்குத் தெரியும். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஆட்டின் முகத்தைக் கேட்டாலும் சொல்வேன். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். இடையில் வேர்னா அம்மாள் "இதை எழுத வேண்டாமே" என்று தலையை ஆட்டுகிறார். எழுதுங்கள் அம்மா என்று நான் சொல்லியிருக்கிறேன்.

முந்தாநாள் நீ போனில் கத்தினாய். "பெரியப்பா, எங்கப்பாவக் கஞ்சாக்காரனா ஆக்கிட்டீங்களா? ஐடஹோ போலீஸ்காரர் எனக்குப் போன் பண்றாரு! ஞாயித்துக்கிழமை வர்றேன், அப்பாவக் கூட்டிட்டுப் போய் ரீனோவுல அந்த முதியோர் இல்லத்துல சேத்துடப் போறேன்!" என்று சொல்லி, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். நீ கேட்ட கேள்விக்கு ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று எனக்கே விளங்கவில்லை. அது நாங்கள் எந்த இடத்தில் நின்றோம், யாருடைய நிலத்தில் நின்றோம், போகும்போது எந்த ரோட்டில் போனோம் என்பதைப் பொறுத்தது. பொறுமையாகக் கேள்.

ஆபரேஷன் முடிந்து, ஊசி மருந்தெல்லாம் முடிந்து, நோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உன் அப்பா சாப்பாட்டை நிறுத்தினான். ஐடஹோவில், மார்சிங் ஊரில் அவன் வீட்டுக்கு நான் போனபோது, முன்னால் வைத்த பூண்டு சூப்பை அவன் பார்த்த பார்வை, வரி நோட்டீஸைப் பார்க்கிற பார்வை. சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. "நோய் போயிருச்சு, ஆனா சாப்பிடலன்னா இவரும் போயிருவாரு" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நீயும் சொன்னாய், மாசக் கடைசிக்குள் அப்பா சாப்பிடாவிட்டால் இல்லத்தில் சேர்த்துச் சாப்பாட்டுக் குழாய் வைத்துவிடுவேன் என்று. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிளாஸ், குழாய் வச்சா நான் திரும்பி வரமாட்டேன்டா" என்றான். அன்றைக்குப் பிறகு என்ன செய்வதாக இருந்தாலும் செய்வது என்று முடிவு செய்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அம்மாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "நீங்க ஒரிகன்காரர்தானே? நான் ஒரிகன்ல வேல பாத்தா உங்ககிட்ட ஒண்ணு சொல்லுவேன். பசி எடுக்குறதுக்கு. ஆனா இது ஐடஹோ. அதனால நான் உங்ககிட்ட எதுவும் சொல்லல" என்றார். நன்றி அம்மா, நானும் எதுவும் கேட்கவில்லை என்றேன். நேராக ஒரிகன் எல்லையில் இருக்கிற ஒண்டாரியோ ஊருக்கு வண்டியை விட்டேன்.

அங்கே ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கஞ்சாக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வாசலில் நிற்கிற கார்கள் எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஐடஹோ நம்பர். சர்ச்சுக்குப் பின்வாசல் வழியாக வந்தவர்கள் மாதிரி எல்லோரும் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு நடக்கிறார்கள். கதவில் நின்ற தடியன், இருபத்தொரு வயது ஆகிவிட்டதா என்று என்னிடம் அத்தாட்சி கேட்டான். நான் தொப்பியைக் கழற்றி வழுக்கையைக் காட்டினேன். "அது செல்லாது தாத்தா, கார்டு காட்டுங்க" என்றான். காட்டினேன். அதை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வயசு ஆகியிருக்கு, உள்ள போங்க" என்றான்.

உள்ளே மூக்கில் வளையம் போட்ட ஒரு பெண், நல்ல பிள்ளை, "நீங்க நோயாளியா, நுகர்வோரா?" என்று கேட்டாள். நான் ஆட்டிடையன் என்றேன். "இல்ல சார், வியாபாரத்துக்கா வந்திருக்கீங்க? மொத்தமா வாங்க லைசென்ஸ் வேணும்" என்றாள். நோயாளி என் தம்பி, ஐடஹோவில் இருக்கிறான், நான் வாங்க வந்தவன் என்றேன். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "சார், அந்த மாநிலத்துப் பேரை இங்க சொல்லாதீங்க! அங்க கொண்டுபோறேன்னு சொன்னா நான் விக்கக்கூடாது. நோயாளின்னா டாக்டர் எழுதிக்கொடுத்து கார்டு வரணும், அவங்களுக்கு வரி இல்ல. கார்டு இல்லன்னா நுகர்வோர், வரி உண்டு. நீங்க நுகர்வோர்." நான் சாப்பிடப் போவதில்லையே அம்மா என்றேன். "சாப்பிடலன்னாலும் நுகர்வோர்தான்" என்றாள். சரி, இந்த வயதில் அதுவும் ஆகிவிட்டுப் போகிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

மருந்து ஒரு சின்னப் பாட்டில், கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து மாதிரி. சாயங்காலம் சில சொட்டு, அவ்வளவுதான். ஆனால் அதற்கு அவள் சொன்ன பத்தியம் இருக்கிறதே! ஒரு எழுத்து விடாமல் என் மண்டையில் இருக்கிறது. காரில் திறக்கக்கூடாது. பொது இடத்தில் எடுக்கக்கூடாது. எடுத்துவிட்டு வண்டி ஓட்டக்கூடாது. மாநிலக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகக்கூடாது, போகிற மாநிலத்தில் அது சரியென்றாலும் கூடாது. மத்திய அரசு நிலத்தில் கையில் வைத்திருக்கவே கூடாது, ஏனென்றால் மாநிலம் சரியென்று சொன்னதை மத்திய அரசு இன்னும் சரியென்று சொல்லவில்லை. எடுக்கிறவர் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது, அதுவும் மத்திய அரசுச் சட்டம். அப்போது அது சரியா தப்பா, ஒரே வார்த்தையில் சொல் என்று கேட்டேன். "சரிதான் சார், ஆனா தப்பு" என்றாள். ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டையும் சொன்னதால் அவளை நம்பினேன்.

பாட்டிலை வாங்கிக்கொண்டு வெளியே வந்து என் பிக்கப் வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஒண்டாரியோவும் ஒரிகன், ஜோர்டான் வேலியும் ஒரிகன். ஆனால் நடுவில் தார் ரோடு ஐடஹோவுக்குள் புகுந்து வெளியே வருகிறது. ஒரிகன் கடையில் வாங்கி ஒரிகன் வீட்டுக்குப் போகிற கிழவன் நடுவழியில் குற்றவாளி! சரி, மண் ரோடு இருக்கிறதே, ஆடு ஓட்டிய ரோடு, ஒரிகனை விட்டு வெளியே போகாது என்று திருப்பினேன். பாதி தூரம் போன பிறகு பலகை. அதில் இருந்த படத்தை எனக்குத் தெரியும். மத்திய அரசு நிலம். திரும்பினால் ஐடஹோ, போனால் டெல்லிக்காரன் மாதிரி வாஷிங்டன்காரன். டெல்லியைச் சேர்த்து எழுதியது வேர்னா அம்மாள், அவருக்கு இந்தியாவில் சிநேகிதி உண்டு. நான் சொன்னது வாஷிங்டன்காரன் மட்டும்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு முயலைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் ஓட்டி வந்து சேர்ந்தேன்.

சேர்ந்தால் அடுத்த தொல்லை. உன் அப்பாவை இங்கே கூட்டி வந்து என் அறையில் வைத்து மருந்து கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். நான் இருப்பது கிழவர்களுக்கான குடியிருப்பு, வாடகையில் பாதி மத்திய அரசு கட்டுகிறது. மேனேஜர் பெண்ணிடம் பொதுவாகக் கேட்பது மாதிரிக் கேட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "பிளாஸ், இந்தச் சுவத்துக்குள்ள வேண்டாம். ரூம் போயிரும்" என்றாள். மோட்டல்காரன் பலகையைக் காட்டினான். பூங்கா பொது இடம். மலை மத்திய அரசு. பிக்கப்பில் கூடாது. இவ்வளவு பெரிய ஒரிகனில், விற்கிறதற்கு இத்தனை கடை திறந்துவிட்டு, ஒரு நோயாளி உட்கார்ந்து நாலு சொட்டு விழுங்க ஒரு பாய் விரிக்கிற இடம் இல்லை. சொந்த நிலம் வேண்டும், அல்லது சொந்த நிலம் வைத்திருக்கிறவர் சரியென்று சொல்ல வேண்டும்.

அப்போதுதான் வேர்னா அம்மாள். அவர் புருஷனுக்கு நான் ஆடு மேய்த்தது உனக்குத் தெரியும். விஷயத்தைச் சொன்னேன். "கிழக்கு மேய்ச்சல் நிலம் சும்மாதான் கெடக்கு. மாநிலக் கோடு வரைக்கும் என்னோடது. அதுக்கு அந்தப் பக்கம் ஐடஹோ, கவர்மென்ட் நெலம். கோட்டத் தாண்டாத, அவ்வளவுதான்" என்றார். மேய்ச்சலில் இடையர்கள் தங்குகிற பழைய கிடை வண்டி கொட்டகையில் கிடந்தது, அதைத் தூசி தட்டினோம். வளைந்த கூரை, உள்ளே அடுப்பு, கட்டில், எல்லாம் அப்படியே. உன் அப்பாவை மார்சிங்கிலிருந்து கூட்டி வந்து கட்டிலில் படுக்கவைத்து, வண்டியை இழுத்துக்கொண்டு போனோம். அவனுடைய நரி சுடும் துப்பாக்கியையும் நானே வாங்கி என் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மருந்து எடுக்கிறவன் அவன், துப்பாக்கியோ மருந்தைத் தொடாத நுகர்வோரான என்னிடம். சட்டத்தை நான் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

கோடு எங்கே என்பது எனக்குத் தெரியாதா? அங்கே வேலி கிடையாது, சேஜ் புதர் மட்டும்தான். ஆனால் நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், உன் அப்பா ஒரிகன் முதலாளியின் மந்தையோடு கோட்டுக்கு மேற்கே, நான் ஐடஹோ முதலாளியின் மந்தையோடு கோட்டுக்குக் கிழக்கே. அண்ணன் தம்பி சண்டை வரக்கூடாது என்று, கோட்டின்மேல் ஆளுயரத்துக்குக் கல்லை அடுக்கி வைத்தோம். நம் ஊர் இடையர்கள் மலையில் பேச ஆள் இல்லாமல் அடுக்குகிற கல்பையன் இருக்கிறதே, அதுதான். நான் கீழ்க் கல் வைத்தேன், அவன் மேல் கல் வைத்தான். அந்தக் கல்பையன் இன்றும் நிற்கிறான். அவனுக்கு மேற்கே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், வண்டியை நிறுத்தினேன். உன் அப்பாதான், படுத்தபடியே கல்பையனைப் பார்க்கிற மாதிரி நிறுத்தச் சொன்னான்.

மிரென், மருந்து வேலை செய்தது. இதை நீ காதில் வாங்க வேண்டும். முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. சொட்டு மருந்தை நான் கொடுத்தால் அவனுக்குக் குழந்தைக்குக் கொடுப்பது போல் இருக்கிறதாம், "நானே பாத்துக்கறேன், பாட்டில இங்க வை" என்றான். வைத்தேன். பிறகு ஒரு நாள் குழியில் புதைத்து ரொட்டி சுட்டேன், மேலே சிலுவை கீறி, வழக்கப்படி முதல் துண்டைப் பெல்ச்சாவுக்குப் போட்டு நிமிர்ந்தால், உன் அப்பா கையை நீட்டுகிறான். "எனக்கு எங்கே?" என்கிறான். நான் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினேன், புகை என்று சொல்லிக்கொண்டேன். மறுநாள் வேகவைத்த அவரைக்கொட்டை. அதற்கடுத்து ஆட்டுக்கறிக் குழம்பு. பிறகு சொரிசோத் தொத்திறைச்சியைத் தோலோடு. எழுந்து உட்கார்ந்தான், பிறகு நின்றான், பிறகு எங்களுக்குச் சாயங்காலம் காப்பியே போட்டுக் கொடுக்க ஆரம்பித்துவிட்டான். அவனைக் கவனித்துக்கொண்ட புண்ணியத்தில் எனக்கும் காற்று ஒத்துக்கொண்டது. இருபது வருஷ முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று. வாழ்க்கையில் முதல்தடவையாக வெயில் முகத்தில் அடிக்கிறவரை தூங்குகிறேன்.

ஒன்று மட்டும், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். எனக்கு மறதி வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. தலையில் தொப்பியை வைத்துக்கொண்டே தொப்பியைத் தேடினேன். முஸ் சீட்டாட்டத்தில் யார் இறங்கினது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன், உன் அப்பா என்னை மூன்று ஆட்டமும் தோற்கடித்தான். அவன் முகத்தைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது, அது பிறவி. ஆனால் நான் சீட்டை மறந்ததில்லை மிரென். எங்கள் அப்பா கடைசியில் என் பேரை மறந்தார். அதை நினைத்துக் கொஞ்சம் கலங்கினேன். சரி, அது கிடக்கட்டும்.

இப்போது போலீஸ்காரர். ரொட்டிக்குழிப் புகையைப் பார்த்துவிட்டு, காய்ந்த புல் தீப்பிடிக்கும் காலமாயிற்றே என்று, ஐடஹோ பக்கத்து ஷெரீஃப் ஆபீஸிலிருந்து ரிக்ஸ் என்று ஒரு இளம் ஆள் ஜீப்பில் வந்தார். மரியாதையான பையன். தொப்பியைத் தொட்டு, "ஐயா, இங்க தீ மூட்ட அனுமதி இருக்கா?" என்றார். நான் சிரித்தேன். தம்பி, நீங்கள் ஐடஹோ, இது ஒரிகன், உங்கள் அதிகாரம் அந்தக் கல்லோடு சரி என்று கல்பையனைக் காட்டினேன். அவர் போனை எடுத்து, போனைப் பார்த்து, கல்லைப் பார்த்து, மறுபடி போனைப் பார்த்தார். "ஐயா, நீங்க ஐடஹோவுலதான் இருக்கீங்க. மத்திய அரசு நெலத்துல. கோடு அதோ, அந்தப் புதருக்கு அங்கிட்டு." நான் இன்னும் பலமாகச் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை, நிறுத்த முடியவில்லை. பெல்ச்சா காதைத் தூக்கியது, அதைப் பார்த்து இன்னும் சிரிப்பு. ரிக்ஸ் உன் அப்பாவிடம், "இவரு ஏதாவது எடுத்திருக்காரா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். என்னை! சர்ச்சில் கொடுக்கிற ஒயின் தவிர எதையும் தொடாதவனை! உன் அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டே, "அவன் பொறந்ததுலேர்ந்து இப்படித்தான் சார்" என்றான்.

நான் சிரிப்பை அடக்கி, ஐயா, இந்தக் கல்லை இந்த இடத்தில் நானே வைத்தேன், என் ஞாபகத்தைவிட உங்கள் போன் பெரிதா என்றேன். அப்போது உன் அப்பா இருமினான். அது எனக்குத் தெரிந்த இருமல். சீட்டில் பொய் சொல்லிப் பிடிபடும்போது வருகிற இருமல்.

"பிளாஸ்... அது நீ வச்ச எடத்துல இல்ல" என்றான்.

"என்னடா சொல்ற?"

"நாம வச்ச அடுத்த கோடைல... நான் கொஞ்சம் தள்ளி வச்சேன்."

"கொஞ்சம்னா?"

"ஊத்து என் பக்கம் வர்ற அளவுக்கு."

மிரென், அந்தக் கோடையை நான் மறக்கவில்லை. கல்பையனுக்கு மேற்கே ஊற்று இருக்கிறது, அது தம்பி பக்கம், நமக்கு உரிமை இல்லை என்று, நாக்கு தொங்கிய மந்தையை ஒவ்வொரு நாளும் தூரத்து ஓடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அந்த ஊற்று முழுக்க முழுக்க ஐடஹோவில், என் பக்கத்தில் இருந்திருக்கிறது. திருடன், ஒரே ராத்திரியில் ஆளுயரக் கல்லையெல்லாம் சுமந்து நகர்த்தியிருக்கிறான். "ஒவ்வொரு கல்லாவா தூக்கின, சோம்பேறி?" என்று கேட்டேன். "கீழ இருந்த உன் கல்லுதான் ரொம்ப கனம்" என்றான். அவன் கல்லை நகர்த்தியதால், ஐம்பது வருஷம் கழித்து, அவனுடைய மருந்து தப்பான மாநிலத்தில், தப்பான அரசாங்கத்தின் நிலத்தில். தனக்குத் தானே வைத்த வினை. நான் அவனை அடிக்கக் கையை ஓங்கினேன், கையைக் கீழே போடும்போது மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். நோய்க்கு முன்னால் சிரித்தது போல, தோள் குலுங்க. ரிக்ஸ் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

அப்புறம் எங்கே விட்டேன்? வேர்னாம்மா, எங்கே விட்டேன்? பாட்டில். ரிக்ஸ் வண்டிக்குள் எட்டிப் பார்த்து அலமாரியில் இருந்த பாட்டிலைக் கண்டுவிட்டார். ஐடஹோவில் அதற்கு ஜெயில். எடுத்துக் குலுக்கினார். காலி. சொட்டுகூட இல்லை. "இதுல இருந்தது எங்க?" என்றார். உன் அப்பா, "தீந்துபோச்சு சார்" என்றான். ரிக்ஸ் வெகுநேரம் அவனுடைய எலும்புக் கையைப் பார்த்தார். பிறகு குழியிலிருந்து எடுத்த ரொட்டியையும், அதில் பாதி காணாமல் போயிருப்பதையும் பார்த்தார். "எங்க தாத்தாவும் கடைசில சாப்பிடல" என்று மட்டும் சொன்னார். "என் கையில இருக்கறது காலிப் பாட்டில். குழிய மூடி மண்ணப் போடுங்க. வண்டிய இருட்டுறதுக்குள்ள மேற்க தள்ளுங்க."

தள்ளலாம் என்றால் என் பிக்கப் பாட்டரி செத்துவிட்டது. வேறு வழியில்லாமல் ரிக்ஸே தன் ஜீப்பில் சங்கிலி மாட்டி எங்களை இழுத்தார். ஐடஹோ போலீஸ் ஒரு கஞ்சா நோயாளியை ஒரிகனுக்குள் கடத்திக்கொண்டு போனது அதுதான் முதல்தடவையாக இருக்கும். ஜீப்பின் முன்சக்கரம் புதரைத் தாண்டியதும் நான் கதவைத் தட்டினேன். "தம்பி, போதும், நீங்க ஒரிகனுக்குள்ள வந்துட்டீங்க. இங்க உங்களுக்கு அதிகாரம் இல்ல" என்றேன். அவர் சிரிக்காமல் பின்னால் எடுத்துவிட்டார். வீட்டு ஆளுக்குச் சொல்லியாக வேண்டும் என்று உன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அதுதான் உனக்கு வந்த போன்.

இப்போது வண்டி வேர்னா அம்மாளின் சொந்த நிலத்தில், போன் பார்த்து உறுதி செய்த இடத்தில் நிற்கிறது. மறுபடி ஒண்டாரியோ போய், மறுபடி நுகர்வோராகி, மறுபடி மண் ரோட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு புதுப் பாட்டில் வாங்கி வந்துவிட்டேன். இதோ உன் அப்பா எனக்கும் வேர்னா அம்மாளுக்கும் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான். நடையைப் பார்த்தால் நீயே நம்பமாட்டாய். சொல்லும் பொருளும் மறக்கும் முன் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அவனை ரீனோவுக்குக் கூட்டிக்கொண்டு போகாதே. உங்கள் நெவாடாவிலும் மருந்து சரிதான், எனக்குத் தெரியும். ஆனால் இங்கிருந்து கொண்டுவரக் கூடாது, இந்தப் பக்கம் சரி, அந்தப் பக்கம் சரி, நடுவில் இருக்கிற கோடு மட்டும் தப்பு, அது யார் போட்ட கோடு என்று தெரியவில்லை, அதையும் யாராவது ராத்திரியில் நகர்த்தியிருக்கலாம். போகட்டும். அந்த இல்லத்தில் மருந்தைக் கொடுப்பார்களா என்று வேர்னா அம்மாள் போனில் கேட்டார், மத்திய அரசுப் பணம் வருவதால் யோசிக்க வேண்டும் என்றார்கள். மருந்து நின்றால் சாப்பாடு நிற்கும். சாப்பாடு நின்றால் உன் அப்பாவின் மூச்சு நிற்கும். அவனைக் காப்பாற்றுவது இந்தப் பாட்டில் மிரென், இந்தப் பாட்டில்தான். அதன் நிறம் எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா, சாயங்கால வெயிலில் தேன் மாதிரி. மலைகூட இன்றைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வேர்னா அம்மாளும் ஆமாம் என்கிறார். எனக்கு எழுத்து தெரியாவிட்டாலும் கோடு தெரியும், அவர் எழுதும் வரி கடைசி இரண்டு பக்கமாக இறக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியவர். கேட்டால் சிரிக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வா. வந்து உன் கண்ணால் பார். கூட்டிக்கொண்டு போவதற்காக வராதே, சாப்பிட வா. டாரலுக்கு என் அன்பு. பிள்ளைகள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்ததாக நினைத்துக்கொள். உன் வீட்டு அடுப்பு அணையாமலும், உன் வாசலில் நாய் குரைத்துக்கொண்டும், உன் பாத்திரம் நிறைந்தும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா பிளாஸ் எலோர்டி
(கையெழுத்துக்குப் பதில் நான் ஆடுகளுக்குப் போடும் அடையாளம்: வட்டத்துக்குள் ஒரு கோடு)

பின்குறிப்பு: மேலே சொன்ன எதையும் நம்பாதே. கடிதத்தை மடிக்கும் முன் உன் அப்பாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டலாம் என்று வேர்னா அம்மாள் வாசித்தார். அவன் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், கண்ணில் தண்ணீர் வருகிறவரை. என்னடா என்றேன். அவன் முதல் நாள் மட்டும்தான் சொட்டு மருந்தைக் குடித்தானாம். படுத்தால் அவனுடைய மாமியார் கட்டில் காலடியில் உட்கார்ந்து காளான் ஆய்கிற மாதிரித் தெரிந்ததாம். அன்றோடு விட்டுவிட்டானாம்.

"அப்ப ஒரு பாட்டில் மருந்தும் எங்கடா போச்சு?"

"உன் காப்பில."

"எதுக்குடா பாவி?"

"நீ என்னப் பாத்துப் பாத்து அழுவுற மாதிரியே மூஞ்ச வச்சிருந்த. தாங்க முடியல. நாலு சொட்டு விட்டேன், நல்லாத் தூங்குன. அப்புறம் பழகிருச்சு."

"அப்ப நீ எப்படிடா சாப்பிட ஆரம்பிச்ச?"

"ஒவ்வொரு வேளையும் சட்டியோட நீ ஒருத்தனே தின்னுட்டு இருந்த. என் பங்க அடுத்தவன் திங்கறத எப்படிடா பாத்துட்டு இருக்கறது?"

ஊற்றைத் திருடினவன் வேறென்ன சொல்வான். ஆகவே மகளே, உன் கேள்விக்கு இப்போது பதில் தெரிந்துவிட்டது. உன் அப்பா கஞ்சாக்காரன் இல்லை. கடைக்காரப் பெண் சொன்னது சரி, நான்தான் நுகர்வோர். ஐடஹோவில் குற்றவாளியும் நான்தான், மத்திய அரசு நிலத்தில் குற்றவாளியும் நான்தான். எனக்கு மறதி நோயும் இல்லை, அது ஒன்றுக்காக அவன் கழுத்தை நெரிக்காமல் விட்டேன். துப்பாக்கியைத்தான் யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. என்னிடம் இருக்கக்கூடாது, வேர்னா அம்மாளும் இன்றைக்கு இரண்டு கோப்பை குடித்துவிட்டார். உன் அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். எங்களில் சட்டப்படி சுத்தமான ஆள் அவனும் பெல்ச்சாவும்தான்.

நீ ஞாயிற்றுக்கிழமை அவசியம் வா. உன் அப்பா இப்போது ஆட்டுக்கறிச் சட்டியை வழித்துக்கொண்டிருக்கிறான், சத்தம் இங்கே கேட்கிறது. வந்ததும் அவன் பாசமாகக் காப்பி போட்டுக் கொண்டுவருவான். அதை மட்டும் வாங்கிக் குடித்துவிடாதே, நீ வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டும்.